காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

நூலகப் புத்தகம் ஒன்றில் 'வெளியே எடுத்துச் செல்லலாகாது' என முத்திரையிட்டால் உள்ளே ஓர் எழுத்தும் மாறுவதில்லை. அந்நூல் யார் கைக்குச் செல்லும் என்பது மட்டுமே மாறுகிறது. விண்டோஸ் கணினியில் கோப்புகளின் பண்புக்கூறுகளும் அத்தகைய முத்திரைகளே. டாஸ் காலத்திலிருந்து தொடர்பவை நான்கு: 'படிக்க மட்டும்' என்னும் ஆர், 'மறைவு' என்னும் எச், 'அமைப்புக் கோப்பு' என்னும் எஸ், காப்புநகல் எடுக்கப்பட வேண்டியது எனக் காட்டும் ஏ.

ஆய்வு மாணவர் பலர் இவற்றை அறிய நேர்வது பென்டிரைவ் வழியாகத்தான். துறைக் கணினி, விடுதி நண்பரின் மடிக்கணினி, வாயிலருகே உள்ள ஜெராக்ஸ் கடை என அது ஒரே நாளில் பல இடங்களில் செருகப்படுகிறது. 'ஷார்ட்கட் வைரஸ்' என வழங்கப்படும் தீநிரல் அதிலுள்ள கோப்புறைகளுக்கு எச், எஸ் இரண்டையும் இட்டு மறைத்துவிட்டு, அதே பெயர்களில் போலிக் குறுக்குவழிகளை வைக்கிறது.

மொழியியல் ஆய்வு மாணவி ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது. ஒடிசாவின் கந்தமால் மலையூர்களில் அவர் பதிவுசெய்த குயி மொழிக் கதைகள் அந்தப் பென்டிரைவில் இருந்தன. கதை சொன்ன முதியவர்களுள் இருவர் அதற்குள் இறந்துவிட்டனர். அவர்களது குரலுக்கு வேறு நகல் இல்லை. ஆய்வகத்தில் அவருக்குக் கிடைத்த அறிவுரை 'ஃபார்மட் செய்துவிடுங்கள்' என்பதே. ஆனால் காலியாகத் தோன்றிய பென்டிரைவில் பெரும்பகுதி இடம் நிரம்பியிருப்பதாகக் கணினி காட்டியது. அதை முதலில் கவனித்தவர் அத்துறையின் மூத்த ஆய்வாளர் ஒருவர்.

அவர் முதலில் தூய கணினி ஒன்றில் வைரஸை நீக்கினார்; அது இருக்கும்வரை மறைத்தல் மீண்டும் நிகழும். பிறகு நோட்பேடில் ஒரேயொரு கட்டளை வரியை எழுதி, 'பேட்' என்னும் பின்னொட்டுடன் சேமித்தார். 'அட்ரிப்' என்னும் அக்கட்டளையில் கூட்டல் குறி பண்பை இடும். கழித்தல் குறி நீக்கும். எச்சை மட்டும் நீக்க முயன்றால், எஸ் இருக்கும் கோப்பில் கட்டளை மறுக்கப்படும். இரண்டையும் சேர்த்தே நீக்க வேண்டும். சாய்கோட்டுடன் எஸ் எழுதினால் உட்கோப்புறைகள் அனைத்திலும் கட்டளை செல்லும். சாய்கோட்டுடன் டி எழுதினால்தான் கோப்புறைகளின் மீதும் அது செயற்படும். சில நொடிகளில் கதைகள் அனைத்தும் வெளிப்பட்டன. பதிவுகளின் திருத்த நாள்கூட மாறவில்லை. மாறியவை முத்திரைகள் மட்டுமே.

எல்லாக் கோப்புறைகளுக்கும் ஒரே மூச்சில் செல்லும் கட்டளை தவறான இடத்திலும் அதே வேகத்தில் செல்லும். நிருவாகி உரிமையுடன் இயக்கப்படும் பேட்ச் கோப்பு, தான் சேமிக்கப்பட்ட இடத்தில் தொடங்காமல் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் தொடங்குகிறது. இலக்கு குறிப்பிடப்படாவிட்டால் இயங்குதளம் தன் கோப்புகளுக்கு இட்ட முத்திரைகளையே அது அழிக்கத் தொடங்கும். ஆகவே டிரைவின் எழுத்தும் பாதையும் கட்டளையில் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். இயக்குவதற்கு முன், குறிகள் ஏதுமின்றி அட்ரிப்பை மட்டும் இட்டால் இப்போதுள்ள பண்புகளை அது பட்டியலிடும். அதைப் படித்த பிறகே மாற்றத்தில் இறங்குவது முறை.

களப்பணித் தரவுகளுக்கு இதே கருவி காவலாகவும் உதவும். மூல ஒலிக்கோப்புகள் அனைத்திற்கும் ஒரே வரியில் ஆர் பண்பை இட்டுவிட்டால், தொகுக்கும்போது தவறுதலாக மேலெழுதுவது பெரும்பாலும் தவிர்க்கப்படும். ஆயினும் அது பூட்டு அன்று. எக்ஸ்புளோரரில் அக்கோப்பை எவரும் நீக்கிவிடலாம். வேறிடத்தில் உள்ள மற்றொரு நகலுக்கு அது ஈடாகாது.

அம்மாணவியின் பதிவுகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. திரையில் காணவில்லை என்பதை இல்லை என்று கொண்டிருந்தால், அவ்விரு முதியவரின் குரல்கள் ஃபார்மட் பொத்தானோடு போயிருக்கும்.