வாத்தியார் பீர் குடித்த கதை



தலைப்பைப் பார்த்துவிட்டு "சார் அக்கவுண்டை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று யாரும் போன் செய்ய வேண்டாம். நான்தான் எழுதுகிறேன். நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆல்கஹால் பாடம் வரும்போது வருஷா வருஷம் ஒரே வசனம்தான் சொல்வேன்: "எத்தனால் ஸ்பிரிட் விளக்கில் எரியட்டும், உங்கள் வயிற்றில் எரிய வேண்டாம்." வகுப்பு சிரிக்கும். நானும் அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடுவேன். 33 வருஷம் இப்படியே ஓட்டினேன்.

2023 நவம்பரில் நானும் வீட்டம்மாவும் மகளைப் பார்க்க பெல்ஜியம் போயிருந்தோம். மகள் லூவன் நகரில் இருக்கிறாள். 1425ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அங்கிருந்து அரை மணி ரயில் பயணத்தில் பிரஸ்ஸல்ஸ். அங்கே நம் மாணவன் ஒருவன் குடும்பத்தோடு இருக்கிறான். ஊர் ஆடுதுறைப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன், அவன் அம்மா இந்தப் பதிவைப் படிப்பார்.

ஒரு சனிக்கிழமை சாப்பிட அழைத்திருந்தான். அவன் மனைவி சுண்டைக்காய் வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், அப்பளம் என்று அசத்தியிருந்தது. தண்ணீர் எடுக்க நானே சமையலறைக்குள் போனேன். மூலையில் அரிசி மூட்டை. அதன் பின்னால் ஏழெட்டு பாட்டில்கள், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தது. பின்னாலேயே ஓடி வந்தவன் முகம் செத்துவிட்டது. "சார்... மன்னிச்சுடுங்க சார். நீங்க வர்றீங்கன்னு எடுத்து உள்ள வெச்சேன்."

நாற்பது வயதைத் தாண்டியவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் அப்படி நின்றதைவிட, அந்த அரிசி மூட்டைதான் என்னை என்னவோ செய்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"எடுத்து மேஜையில் வை. என்னென்ன என்று சொல்லு, கேட்கிறேன்" என்றேன்.

அவன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். பெல்ஜியத்தில் பீர் என்பது ஒரே பானம் இல்லை. நூற்றுக்கணக்கில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பை. இந்தப் பீர்ப் பண்பாட்டை 2016ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். "சார், இங்க குடிக்கிறதுக்கு முன்னாடி முகர்ந்து பார்ப்பாங்க" என்றான். ஆய்வகத்தில் சோதனைக் குழாயை மூக்கருகே கொண்டு போகாமல், ஆவியைக் கையால் விசிறி முகரச் சொல்லிக்கொடுத்தது நான்தானே. மூன்று சின்ன கிளாஸ் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் 50 மில்லிக்கு மேல் ஊற்றக் கூடாது என்றேன். என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

முதலில் ஹூகார்டன். லூவனுக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிய வெளிர் நிறம். முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையும் சேர்க்கிறார்கள். பக்கத்தில் இருந்து முகர்ந்த வீட்டம்மா, "என்னங்க, கொத்தமல்லி வாசனை வருது" என்றாள். சரியாகச் சொன்னாள். தனியாவும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் அதில் சேர்மானம். அந்த ஊரில் இந்த வகையைக் காய்ச்சிய கடைசி ஆலையை 1957ல் மூடிவிட்டார்களாம். பியேர் செலிஸ் என்ற பால்காரர், இளவயதில் பக்கத்து ஆலையில் ஒத்தாசை செய்தபோது பார்த்ததை நினைவில் வைத்து, 1966ல் மறுபடி காய்ச்சினார். செத்த ருசியை ஒரு பால்காரர் உயிர்ப்பித்திருக்கிறார்.

இரண்டாவது, இக்காலத்துச் சிறு ஆலைச் சரக்கு. 'கிராஃப்ட்' என்கிறார்கள். பிரஸ்ஸல்ஸின் 'டி லா சென்' ஆலையில் வரும் 'தாரஸ் புல்பா'. 4.5 சதவீதம்தான், ஆனால் நல்ல கசப்பு. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வரும் கசப்பு அது. நாக்கில் நின்று மெதுவாக இறங்குகிறது. சற்றுமுன் சாப்பிட்ட சுண்டைக்காய்க்கு உறவுக்காரன் என்று சொன்னேன். அவன் மனைவிக்கு ஒரே சிரிப்பு.

மூன்றாவது வெஸ்ட்மாலே டிரிப்பல். இதைக் காய்ச்சுவது ஒரு மடம்! டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம். மடத்துச் சுவருக்குள் காய்ச்ச வேண்டும், துறவிகளின் மேற்பார்வை இருக்க வேண்டும், வரும்படி மடத்துச் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். அப்போதுதான் டிராப்பிஸ்ட் முத்திரை. ஆதீனக் கோயில் இருக்கும் ஊர்க்காரன் நான். மடத்தில் பீரா என்று சிறிது நேரம் பேச்சே வரவில்லை.

கோப்பையை அசைத்ததும் பழுத்த வாழைப்பழ வாசனை. பழம் எதுவும் போடுவதில்லை. +2 எஸ்டர் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஆல்கஹாலும் கரிம அமிலமும் சேர்ந்தால் பழ வாசனை. ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலம் ஊற்றி நாம் செய்ததை, அங்கே ஈஸ்ட் தானாகச் செய்கிறது. வாழைப்பழ வாசனைக்குக் காரணம் ஐசோஅமைல் அசிட்டேட். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே பெயர். இந்தப் பீர் 9.5 சதவீதம். ஹூகார்டன் 4.9. பார்வைக்கு இரண்டும் பொன்னிறம்தான். ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு.

மூன்று கிளாஸிலும் சேர்த்து எனக்குள் போன சுத்த எத்தனால் 10 மில்லிக்கும் குறைவு. கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அவனும் அவ்வளவோடு பாட்டிலை மூடிவிட்டான். "உங்களை ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடணும் சார், வண்டி ஓட்டணும்" என்றான். மூடியை அழுத்தி மூடி, எல்லோர் கண் முன்னாலும் குளிர்பெட்டியில் வைத்தான்.

இன்னொரு நாள் கான்டியோன் என்ற பழைய ஆலைக்குக் கூட்டிப்போனான். 1900ல் தொடங்கியது. தெற்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. லாம்பிக் என்ற வகையைக் காய்ச்சுகிறார்கள். இதில் ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. கொதிக்கவைத்த பார்லி, கோதுமைச் சாற்றை மாடியில், அகலமான ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். குளிர்ந்த காற்றில் வரும் நுண்ணுயிர்கள் அதில் இறங்கும். அதனால் குளிர்கால மாதங்களில்தான் காய்ச்சுவார்கள். பிறகு மரப் பீப்பாயில் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை, பூச்சிகளை அவை பார்த்துக்கொள்ளும். வயது வேறுபட்ட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பதற்குக் கூஸ் என்று பெயர்.

அதில் ஒரு மடக்கு வாயில் வைத்தேன். நல்ல புளிப்பு. அடியில் மாட்டுக் கொட்டகை வாசனை. இனிப்பு துளியும் இல்லை. அவன் "எப்படி சார்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அது நீராகாரம். மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்த குறுவை அரிசிச் சோறு, காலையில் உப்புப் போட்டு அம்மா கரைத்துக் கொடுத்த நீராகாரம். நம் இட்லி மாவுக்கும் பழைய சோற்றுக்கும் யார் ஈஸ்ட் வாங்கிப் போட்டார்கள்? அங்கே காற்றும் மரமும் செய்வதை இங்கே அரிசியும் பானையும் செய்கின்றன. எனக்கும் என் தம்பிக்கும் அம்மா ஒரே சொம்பில்தான் கொடுப்பாள். கடைசி வாய் அவனுக்கு.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். உறவினர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

தம்பி 2006 ஐப்பசியில் 41 வயதில் போனான். கேட்டவர்களிடம் எல்லாம் "மஞ்சள் காமாலை" என்றுதான் சொன்னோம். இன்று வரை அப்படித்தான் சொல்கிறோம். அது காமாலை மட்டும் இல்லை. குடி. கல்லீரல் சுருங்கிப்போய் இறந்தான்.

எனக்குத் தெரிய வந்த நாள் நினைவிருக்கிறது. கொல்லைப்பக்கம் நெற்குதிருக்குப் பின்னால் துண்டில் சுற்றி ஒரு குவார்ட்டர் பாட்டில். நான் அதைச் சாக்கடையில் கொட்டினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வாத்தியார் தம்பி குடிகாரன்" என்று ஊர் பேசுமே என்பதுதான் என் கவலை. தெருவில் அவன் எதிரே வந்தால் வேறு பக்கம் போனேன். ஒருமுறை அறையில் வைத்துப் பூட்டினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. காக்கா வலிப்பு என்று கையில் இரும்பைக் கொடுத்தோம். பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரும். உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வேதியியல் வாத்தியாருக்கு இது தெரியவில்லை.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி சுத்த எத்தனால். மேஜையில் உட்கார்ந்து, முகர்ந்து, பேசிச் சிரித்து ஒரு மாலை முழுக்க நான் குடித்ததைப்போல் எட்டு மடங்கு. அதை அவன் யாராவது பார்ப்பதற்குள் பத்து நிமிஷத்தில் முடித்திருப்பான். ருசி என்று ஒன்று அவனுக்கு இருந்திருக்குமா? ஒளித்துக் குடிப்பவனுக்கு வேகம்தான் தெரியும். ஒளிக்க வைத்ததில் என் பங்கு உண்டு.

நம் கோயிலில் கிழக்கு வாசல் வழியாகப் போய் மேற்கு வாசல் வழியாக வந்தால் தோஷம் அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். வரகுண பாண்டியனுக்கு நின்றது. எனக்கு 17 வருஷம் கழித்து பிரஸ்ஸல்ஸில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வந்து நின்றது.

தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். குடியுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்கிறது. அழகான கோப்பையில் ஊற்றினாலும் எத்தனால் எத்தனால்தான். அந்த நாட்டிலும் குடியால் அழிந்தவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்த இரண்டு நாளோடு சரி.

ஆனால் "குடிக்காதே" என்ற ஒரு வார்த்தையோடு வாயை மூடிக்கொண்டது போதாது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980லேயே சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் குடிநோய் சிகிச்சை மையம் தொடங்கிவிட்டார். குடிநோயை நோய் என்று பார்த்து வைத்தியம் செய்யும் இடம். நம் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணம். நான் யாரையாவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

எனவே பிள்ளைகளே, உங்கள் வீட்டில் குதிருக்குப் பின்னாலோ, பீரோவுக்கு மேலோ, வண்டி டிக்கியிலோ ஒரு பாட்டில் இருந்தால், கொட்டிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "எவ்வளவுடா குடிக்கிறே? எத்தனை நாளா?" என்று கேளுங்கள். கை நடுங்குகிறது என்றால் பூட்டி வைக்காதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கேட்க ஆள் இல்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன். "சார் திட்டுவார்" என்று பயப்பட வேண்டாம்.

பிரஸ்ஸல்ஸ் மாணவனுக்கு: அடுத்த முறை வரும்போது மூட்டைக்குப் பின்னால் அரிசி மட்டும்தான் சிந்தியிருக்க வேண்டும். உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார்,
திருவிடைமருதூர்