ஏடுகளுக்கு ஒரு கேமரா

கேமரா வாங்குவதற்கு மதரஸா ஆசிரியர் ஒருவரிடம் யோசனை கேட்பாரும் உண்டோ என்று அன்பர்கள் நகைக்கலாம். கேட்டார்கள்; அதற்குத் தக்க காரணமும் இருந்தது. எங்கள் ஊரின் பழைய வீடுகள் சிலவற்றில், மரப்பெட்டிகளுக்குள் கையெழுத்துக் கித்தாபுகள் உறங்குகின்றன. அரபியில் சில, அரபுத்தமிழில் பல. பாட்டனார் காலத்தில் மாலைதோறும் ஓதப்பட்டவை, இன்று ஓதுவாரின்றிக் கடற்காற்றின் ஈரத்துக்கும் கரையானின் பசிக்கும் இரையாகிக் கிடக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்க வேண்டுமென்று மஹல்லாவின் இளைஞர்கள் சிலர் முன்வந்தனர், பொருளும் திரட்டினர்.

திரண்ட பொருள் ஒரு கேமராவுக்கும் ஒரு லென்ஸுக்கும் போதும். தவறானதை வாங்கிவிட்டு மீண்டும் ஒன்று வாங்கப் போதாது. ஏடுகளை வைத்திருக்கும் குடும்பத்தார் பெட்டியைத் திறந்து தர இசைந்திருப்பதும் ஒரே ஒரு முறைக்குத்தான். பலர் மனமுவந்து தந்த பொருள் அமானத். பிறர் வீட்டு ஏடும் அமானத். ஆகவே இந்தத் தேர்வை விளையாட்டாக எண்ண என்னால் இயலவில்லை.

"கையிலுள்ள தொலைபேசி போதாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டு நினைவுக்கு அது போதும். ஆனால் தொலைபேசி, தான் கண்டதைக் கண்டபடியே தருவதில்லை. மங்கியதைக் கூர்மையாக்கும், புள்ளிபோல் தோன்றும் கறையைத் துடைத்துவிடும், தன் விருப்பப்படி அழகு செய்யும். அழகு செய்யும் எழுத்தனை விட, உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதும் காதிபே ஏட்டுக்கு வேண்டியவர்.

இளைஞர்கள் விசாரித்துத் தேர்ந்து வைத்தவை இரண்டு: கேனான் நிறுவனத்தின் இஓஎஸ் ஆர்பி, நிக்கான் நிறுவனத்தின் இசட் 5. இரண்டும் 'மிர்ரர்லெஸ்' வகையைச் சேர்ந்தவை. அதாவது, உள்ளே கண்ணாடி இல்லாதவை. ஈண்டு கண்ணாடி என்றது லென்ஸை அன்று. பழைய வகைக் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னே சாய்வாக ஒரு முகக்கண்ணாடி நின்று, காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் அது 'டப்' என்று மேலெழும்பி ஒளிக்கு வழி விடும். அந்த அதிர்ச்சியே நுண்ணிய எழுத்தைக் கலங்கச் செய்ய வல்லது. 2008-இல் பானசோனிக் நிறுவனம் ஜி1 என்னும் கேமராவில் அந்தக் கண்ணாடியை நீக்கி, சென்சார் காண்பதை மின்திரையிலேயே காட்டியது. கேனானும் நிக்கானும் முழு அளவுச் சென்சாருடன் இவ்வழிக்கு வந்தது 2018-இல்.

இவ்விடத்தில் ஒரு சொல். 'கேமரா' என்பது 'கமர்' என்னும் அரபிச் சொல்லிலிருந்து பிறந்ததென்று நம்மவர் சிலர் பெருமையுடன் கூறக் கேட்டிருக்கிறேன். அஃது அவ்வாறன்று, அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அது. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒவ்வொன்றின் ஒளியும் பிறிதொன்றோடு கலவாமல் தன் நேர்வழியிலேயே உட்புகுவதைச் சோதித்துக் காட்டினார். 'கித்தாபுல் மனாளிர்' என்னும் தம் நூலில் அதை எழுதியும் வைத்தார். அவருக்குரிய புகழ் அவர் செய்த சோதனையில் இருக்கிறது. இல்லாத சொற்பிறப்பைக் கடன் வாங்கி அவரை உயர்த்த வேண்டியதில்லை.

இனி, இரண்டையும் எடைபோடுவோம். இரண்டும் புதியன அல்ல. ஆர்பி 2019-இலும் இசட் 5 2020-இலும் வெளிவந்தன. அப்போது அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் முன்னதன் விலை 1,299 டாலர். பின்னதன் விலை 1,399 டாலர். அந்தந்த வரிசையில் 2023-இல் ஆர்8, 2025-இல் இசட் 5-இன் இரண்டாம் பதிப்பு எனப் புதியவை வந்துவிட்டன. ஓடும் குதிரையையும் பறக்கும் பறவையையும் பிடிப்பவர்க்கே அவற்றின் வேகம் வேண்டும். ஏடு ஓடுவதில்லை.

முதலில் இளைஞர்கள் கேட்டது மெகாபிக்சல் கணக்கு. ஆர்பிக்கு 26.2; இசட் 5-க்கு 24.3. "ஏறத்தாழ இரண்டு கூடுதல் அல்லவா, உஸ்தாத்?" என்றார்கள். நான் ஒரு கித்தாபை விரித்து அளவுகோலை வைத்தேன். விரித்த ஏட்டின் இரு பக்கமும் சேர்ந்து 40 சென்டிமீட்டர். ஆர்பி தரும் படத்தின் நீளம் 6,240 புள்ளிகள். இசட் 5 தருவது 6,016. வகுத்துப் பார்த்தால், ஏட்டின் ஒரு மில்லிமீட்டருக்கு முன்னதில் 15.6 புள்ளிகள், பின்னதில் 15. பே, தே, ஸே மூன்றையும் வேறுபடுத்துவது புள்ளியின் இடமும் எண்ணிக்கையுமே என்பதை ஓதத் தொடங்கிய குழந்தையும் அறியும். அரபுத்தமிழிலோ, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் பழைய எழுத்துகளுக்கே மேலும் கீழும் புள்ளி கூட்டியிருக்கிறார்கள். ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறும். நாணற்கோலின் மெல்லிய புள்ளி அரை மில்லிமீட்டர் என்று கொண்டாலும், அதன் குறுக்கே இரண்டு கேமராக்களும் ஏழு புள்ளிகளுக்குக் குறையாமல் பதிக்கும். ஜபர், ஜேர், பேஷ் எதுவும் தப்பாது. ஆகவே இந்தக் கணக்கில் இருவரும் சமம். விளம்பரம் எதை உரக்கச் சொல்கிறதோ அது நம் தேவையைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

அடுத்து எடையும் அமைப்பும். பேட்டரியும் கார்டும் சேர்த்து ஆர்பி 485 கிராம். இசட் 5 675 கிராம். ஏட்டுக்கு மேலே நீண்ட கையில் கேமராவைக் கவிழ்த்துத் தொங்கவிடும்போது எடை குறைந்தது நல்லது. ஆர்பியின் திரை பக்கவாட்டில் விரிந்து எத்திசையிலும் திரும்பும். இசட் 5-இன் திரை மேலும் கீழும் மட்டுமே சாயும். இவ்விரண்டிலும் ஆர்பிக்கே முதலிடம். உள்ளதை மறைத்துச் சொல்வது நீதியன்று.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறி இசட் 5-இன் உடலிலேயே உண்டு. ஆர்பியில் லென்ஸில் இருந்தால்தான் உண்டு. தாங்கியில் பூட்டி எடுக்கும்போது இந்தப் பொறிக்கு வேலையில்லை. அணைத்து வைப்பதே முறை. ஆனால் ஏட்டை அறைக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது, தாங்கி நிறுத்தவும் இடமில்லை என்னும் வீடுகளில், மங்கிய ஒளியில் கையிலேந்தி எடுக்க நேரும். அப்போது அது பயன்படும்.

லென்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏட்டுப்படத்தில் பாதி அதன் கையில்தான் இருக்கிறது. ஏட்டுக்கு மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்பர். சிறிய பூச்சியைப் பெரிதாக்குவதற்காக அன்று. 36 மில்லிமீட்டர் சென்சாரில் 40 சென்டிமீட்டர் ஏட்டை அடக்கும்போது நாம் பெரிதாக்கவே இல்லை, பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குகிறோம். மேக்ரோ லென்ஸ் தட்டையான பொருளின் நடுவையும் ஓரத்தையும் ஒரே தெளிவில் காட்டும், நேர்கோட்டை வளைக்காது. அதற்காகவே அது வேண்டும். ஆர்பிக்குக் கேனான் தரும் 35 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் இத்தகைய ஏட்டை எடுக்க, லென்ஸ் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் அருகில் நிற்க வேண்டும். கேமராவின் நிழலே ஏட்டின்மீது விழும். 85 மில்லிமீட்டர் லென்ஸ் எனில் ஒரு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். தாழ்ந்த உத்தரமுள்ள பழைய அறைகளில், மேசைமேல் ஏட்டை வைத்தால் அஃது எளிதன்று. நிக்கானின் 50 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், 2021-இல் வந்தது, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று வேலையை முடித்துவிடும். இரு பக்கமும் விளக்கு வைக்க இடமும் கிடைக்கும்.

மின்சாரம் அடுத்தது. 300 தாள் கொண்ட கித்தாப் 600 பக்கம்; பக்கத்துக்கு ஒரு படம் எனில் 600 படம். ஒரு முறை ஏற்றிய பேட்டரியில் ஆர்பி ஏறத்தாழ 250 படங்களும், இசட் 5 ஏறத்தாழ 470 படங்களும் எடுக்கும் என்பது நிறுவனங்கள் தரும் கணக்கு. தவிரவும், இசட் 5-ஐ யுஎஸ்பி கம்பி வழியே மின்சாரம் ஊட்டிக்கொண்டே இயக்கலாம்.

இவை யாவற்றையும் விட என் தராசைச் சாய்த்தது வேறொன்று. ஆர்பியில் மெமரி கார்டுக்கு ஒரே ஓர் இடம். இசட் 5-இல் இரண்டு. அதில் 'பேக்கப்' என்னும் அமைப்பைத் தேர்ந்துவிட்டால், எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த நொடியிலேயே இரண்டு கார்டுகளிலும் பதியும். இஃது என்ன பெரிய வசதி என்று கடைக்காரர் எண்ணலாம். ஏட்டை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். ஒற்றைப் பிரதியாக இருந்ததனால் அழிந்த நூல்கள் எத்தனை! 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் மறுபிரதி இருந்தவை மீண்டும் கிடைத்தன. இல்லாதவை இல்லாமலே போயின. நம் ஊர்ப் பெட்டிகளில் இருப்பவையும் பெரும்பாலும் ஒற்றைப் பிரதிகளே. பெட்டி ஒரு முறைதான் திறக்கும் என்ற நிலையில், மாலையில் வீடு திரும்பியதும் அந்த ஒரே கார்டு பழுதாகி ஒன்றும் திறக்காமற் போனால், அந்தக் குடும்பத்தாரிடம் எந்த முகத்துடன் மறுபடி செல்வது?

ஆகவே நிக்கான் இசட் 5-ஐ, 50 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸுடன் வாங்குமாறு சொன்னேன். குடும்ப விழாக்களையும் பயணங்களையும் படமெடுக்க விரும்பும் அன்பர் என்னிடம் கேட்டால், தயங்காமல் எடை குறைந்த ஆர்பியையே சொல்வேன். பொருளின் சிறப்பு பொருளில் மட்டும் இல்லை. எதற்கு என்னும் கேள்வியில் இருக்கிறது.

வாங்கித் தருவதோடு நில்லாமல் இளைஞர்களிடம் மேலும் ஒன்று கேட்டுக்கொண்டேன். நம் முன்னோர் ஒரு கித்தாபைப் பெயர்த்தெழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணியதில்லை. மூலத்தை ஒருவர் வாசிக்க, பிரதியை மற்றவர் சரிபார்ப்பார். முகாபலா என்று அதற்குப் பெயர். எதுவரை ஒப்பிட்டார்களோ, அந்த இடத்தின் ஓரத்தில் 'எட்டியது' என்னும் பொருளில் ஓர் அரபிச் சொல்லைக் குறித்து வைப்பார்கள். ஒப்பிடாத பிரதியை அவர்கள் பிரதியாக மதித்ததில்லை. கேமரா எடுத்த படமும் ஒரு பிரதிதான். அதற்கும் முகாபலா வேண்டும்.

அதற்கான வழியையும் அந்தக் காதிபுகளே விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒரு பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைச் சிறிதாக எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். தாள் இடம் மாறினாலும் காணாமற்போனாலும் அச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் ஒரு கித்தாபை எடுத்து முடித்ததும், பெட்டியை மூடுமுன், இருவர் அமர்ந்து திரையில் படங்களைப் பார்க்க வேண்டும். ஒருவர் அடிச்சொல்லைப் படிக்க, மற்றவர் அடுத்த படத்தின் முதற்சொல்லைச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால் மேலே செல்லலாம். பொருந்தாவிடில் விட்டுப்போன பக்கத்தை அங்கேயே எடுத்துவிடலாம். பின்னர் இரண்டு கார்டுகளையும் ஒரே பையில் போடாமல் இருவேறு வீடுகளில் வைக்க வேண்டும். இதற்கு விலை ஏதுமில்லை. சற்றே பொறுமையும், அரபி எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால் போதும். அந்த இருவரை உருவாக்கித் தருவது எங்களைப் போன்ற ஆசிரியரின் கடமை. அதை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.