சிறிய வால்வும் பெரிய கவலையும்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, மணி பத்தரை ஆகியும் பணிக்குச் சென்ற நம் மகள் வீடு திரும்பவில்லை. லேக் மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள நம் வீட்டு வாயிலில், இல்லாளும் நாமும் குடை பிடித்துக் காத்து நின்றோம். கடைசியில், தேங்கிய நீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அவள் வந்து சேர்ந்தாள். “அப்பா, பின்சக்கரத்தில் மறுபடியும் காற்றில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சென்றாள். அச்சொல்லில் கோபம் இல்லை, களைப்பே இருந்தது. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

ஏனெனில் அந்த டயர் புதியது; மாட்டி இருபது நாள்கூட ஆகவில்லை. மாட்டிய அன்று கடைக்காரர், “வால்வையும் மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டார். “பழையது நன்றாகத்தானே இருக்கிறது!” என்று மறுத்தவர் நாமே. பின்னர்க் காற்று இறங்கத் தொடங்கியபோது டயரைப் பழித்தோம். டிராம் தண்டவாளத்தைப் பழித்தோம். சாலையில் கிடக்கும் ஆணிகளையும் பழித்தோம். நம்மை மட்டும் பழித்துக்கொள்ளவில்லை.

மறுநாட் காலை மல்லிக் பஜாரில் ஒரு மிஸ்திரியிடம் சென்றோம். அவர் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். டயரில் குமிழி எதுவும் எழவில்லை. வால்வின் அடியிலிருந்து சிறு குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. “காக்கு, இதைப் பாருங்கள்” என்று அவர் அந்த ரப்பர்க் கழுத்தை வளைத்துக் காட்டினார். நிமிர்ந்து நிற்கையில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள், வளைத்தவுடன் வாய் திறந்தன. வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை முதுமையடையச் செய்கின்றன. காற்று நிரப்பும்போது குழாய் முனையை நுழைப்பதற்காகத் தண்டைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும் வழக்கமோ அம்முதுமையை விரைவுபடுத்துகிறது.

நமது அறியாமைக்கு ஒரு காரணம் உண்டு. இளமையில் நாம் ஓட்டிய ஸ்கூட்டருக்கு டியூப் இருந்தது. வால்வு அந்த டியூபோடு ஒட்டியே வந்தது. டியூப் மாற்றினால் வால்வும் மாறிவிடும். தனியே தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. டியூபில்லாச் சக்கரத்திலோ, டயரும் ரிம்முமே காற்றைக் காக்கின்றன. ரிம்மில் உள்ள துளையை அடைத்து நிற்கும் தக்கை போன்றதே வால்வு. தக்கை தளர்ந்தால் பாத்திரம் புதியதாயிருந்தும் பயனில்லை. இரு பாதிகளை நட்டுகளால் இணைத்த பழைய ரிம்மை உடைய அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வெறும் வால்வை மாட்டுவதால் அது டியூபில்லாச் சக்கரம் ஆகிவிடாது, இணைப்பின் வழியே காற்று வெளியேறிவிடும்.

கடையில் பளபளக்கும் நீண்ட உலோக வால்வு ஒன்று நம் கண்ணைக் கவர்ந்தது. மிஸ்திரி அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, மூன்று செய்திகளைக் கூறினார். முதலாவது துளையின் அளவு. பெரும்பாலும் 11.5 மில்லிமீட்டர் அல்லது 8.3 மில்லிமீட்டர் துளைகள் காணப்படுகின்றன. ஒன்றுக்குரியது மற்றொன்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது துளையைச் சுற்றிய இடம். நட்டு வைத்து இறுக்கும் உலோக வால்வுக்கு அவ்விடம் தட்டையாயிருத்தல் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ ரப்பர் வளையம் நசுங்கிவிடும். மூன்றாவது நீளம். தண்டு பிரேக்கையோ வேறு பாகத்தையோ உரசலாகாது. ஆயினும் காற்றுக் குழாயின் முனை எளிதில் எட்டவேண்டும். இடம் மிகக் குறுகலாயின் வளைந்த வால்வே நலம்.

நீளத்தைப் பற்றி அவர் வற்புறுத்தியது வீணன்று. 90/100-10 அளவுள்ள ஸ்கூட்டர்ச் சக்கரம், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 490 முறை சுழல்கிறது. அச்சுழற்சியில் நீண்டு கனத்த தண்டு வெளிப்புறம் இழுக்கப்பட்டு, தன் ரப்பர் அடியையே வருத்துகிறது. நமது ரிம்மின் துளை 11.5 மில்லிமீட்டர், ஆகவே அதற்கேற்ற குட்டையான ரப்பர் வால்வையே வாங்கினோம். டி.ஆர். 412 என்பது அதன் குறியீடு; டி.ஆர். 413 அதே துளைக்குரியது, ஆனால் சற்று நீளமானது.

காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். இன்று நாம் காணும் வகை வால்வுக்கு அமெரிக்காவில் 1893-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது ஹூக்ளி நதிக்கரையிலுள்ள சாகாகஞ்சில் 1936-இல் டன்லப் தொழிற்சாலை எழுந்தது; இன்று அது இயங்கவில்லை. மகனுக்காகத் தந்தை ஒருவர் இத்தனை கருத்துடன் செய்த பொருளில், மகளுக்காக நாம் சில ரூபாயை மிச்சம் பிடிக்க முயன்றோம் என்று எண்ணுகையில் நாணமே மேலிட்டது.

ஆகவே அன்பர்களே, டயர் மாற்றும்போதெல்லாம் வால்வையும் மாற்றுக. அதன் சிறு மூடியைத் தொலைத்துவிடாதீர். தூசியும் மழைநீரும் உட்புகாமல் காப்பது அதுவே. மாதம் ஒருமுறை வால்வின் அடியில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். இப்பொழுது நம் மகள் உரிய நேரத்தில் வீடு திரும்புகிறாள். வாயிலில் வண்டியின் ஒலி கேட்கும்வரை நாம் விழித்திருப்பது மட்டும் மாறவில்லை.