பாதி காலியான கப்பல் புறப்படுமா?

தோட்டத்து மக்களுக்குக் கப்பல் பயணம் என்றால் பாட்டன் பாட்டி காலத்துக் கதைதான் நினைவுக்கு வரும். இப்போது அந்த நிலை மாறி வருகிறது. பிள்ளைகள் படித்துப் பட்டணத்தில் வேலைக்குப் போனபின், பெற்றோரை மூன்று நாள் உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பி அழகு பார்க்கிறார்கள். பயணம் வந்த கையோடு ஒரு கவலையும் வந்து சேர்ந்திருக்கிறது. கப்பலில் ஆள் சேரவில்லை என்றால் பயணத்தை ரத்து செய்துவிடுவார்களா? கட்டிய பணம் என்ன ஆகும்?

எங்கள் ஜொகூர் தோட்டத்திலிருந்து ஒன்பது பேர் சேர்ந்து, 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் கிள்ளானுக்கும் போய்வர ஏற்பாடு செய்தபோது, இந்தக் கேள்வி என் தலைமேல் வந்து விழுந்தது. ஒன்பது பேரில் மூத்தவர் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி. வயது எழுபத்தெட்டு. தம் அப்பா அம்மா வந்த கடல்வழியை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று, செலவுக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தார். பயணத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "இன்னும் நிறைய அறைகள் காலி, விலையைக் குறைத்திருக்கிறார்கள், வேறு யாராவது வருவார்களா?" என்று பயண முகவர் தொலைபேசியில் கேட்டார். அவ்வளவுதான், செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. "ஐயா, கப்பல் போகாதாமே?" என்று பாட்டி பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நமக்குப் பழக்கமானது கோயில் சுற்றுலாப் பேருந்து. நாற்பது பேர் சேர்ந்தால் பேருந்து வரும். இருபது பேரோடு நின்றுவிட்டால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பேருந்து அந்த ஒரு நாளுக்கென்று வாடகைக்கு எடுத்தது. உல்லாசக் கப்பலை அதோடு ஒப்பிடக்கூடாது. அதை விரைவுப் பேருந்தோடு ஒப்பிட வேண்டும். இரவு ஜொகூர் பாருவிலிருந்து பட்டர்வொர்த் போகும் வண்டியில் பத்தே பேர் இருந்தாலும் அது போயாக வேண்டும். காலையில் அங்கே திரும்பி வருவதற்கு ஆட்கள் காத்திருப்பார்கள் அல்லவா?

கப்பலின் கணக்கும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய கப்பலில், பயணிகள் பாதியாகக் குறைந்தாலும் சம்பளம் பாதியாகக் குறையாது. துறைமுகத்தில் இடம் பிடித்தாகிவிட்டது. அரிசியும் காய்கறியும் ஏற்ற ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஓடாமல் நின்றால் வரவு மட்டும் போகும், செலவு நிற்காது. ஆகவே காலி அறையை வெறுமனே விட்டுவைப்பதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பதே அவர்களுக்கு லாபம். அறைக்குள் வந்துவிட்ட மனிதர் குளிர்பானம் வாங்குவார், படம் எடுத்துக்கொள்வார், கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவார், சிலர் சூதாட்ட மேசையிலும் உட்காருவார்கள். கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், வருமானத்தில் கால் பங்குக்கு மேல் இப்படிக் கப்பலுக்குள் செலவழிக்கப்பட்ட பணம். விலை குறைந்தது என்றால் கப்பலை நிறுத்தப் போகிறார்கள் என்று பொருளல்ல. நிரப்பப் பார்க்கிறார்கள் என்று பொருள். (முன்கூட்டியே முழுத் தொகையைக் கட்டிய நம்மவர்களுக்கு அதைக் கேட்டு மனம் கசந்தது வேறு விஷயம்.)

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கப்பல் நிரம்பியதா என்று கணக்கிடுகிறார்கள். பிள்ளைகள் மூன்றாவது, நான்காவது படுக்கையில் படுத்தால் கணக்கு நூற்றுக்கு மேல் போகும். மேலே சொன்ன இரு நிறுவனங்களும் 2019-இல் நூற்றுக்கு 105-ஐத் தாண்டியிருந்தன. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பிய கப்பலையே அவர்கள் "ஆள் குறைவு" என்று சொல்லக்கூடும்.

மெய்யாகவே பாதி காலியாகக் கப்பல் போனதும் உண்டு, அதுவும் நம் வாசலிலேயே. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பர் 6-ஆம் தேதி, 'வேர்ல்டு டிரீம்' சிங்கப்பூரிலிருந்து எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சுற்றிவரப் புறப்பட்டது. பாதி அளவு பயணிகளைத்தான் ஏற்றலாம் என்பது அரசாங்கத்தின் கட்டளை. அடுத்த மாதம் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' அதே விதியோடு வந்து சேர்ந்தது. பாதிக் கூட்டத்தோடு இரண்டும் மாதக் கணக்கில் ஓடின.

நம் முன்னோர் வந்த கப்பலும் அப்படி ஓடியதுதான். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்த ரஜூலாவைப் பற்றி அறியாத குடும்பம் தோட்டத்தில் இருக்காது. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானோரைத் திருப்பியும் அனுப்பினார்கள். வரும்போது கூட்டமில்லை, போகும்போது கூட்டம். அதற்காக அந்தக் கப்பல் வழி நின்றுவிடவில்லை.

அப்படியானால் ரத்தே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் காரணம் வேறு. ஒரு வழித்தடத்தில் ஆதாயம் இல்லை என்று கண்டால், தனியொரு பயணத்தை நிறுத்தாமல் ஒரு பருவத்தையே கைவிட்டுக் கப்பலை வேறு கடலுக்குக் கொண்டுபோவார்கள். அதைப் பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களுக்காகக் கப்பல் முழுவதையும் வாடகைக்கு எடுத்தாலும், பழுது பார்க்கும் துறைக்கு முன்கூட்டிப் போக வேண்டி வந்தாலும் பதிவு செய்தவர்களுக்குக் கடிதம் வரும். வேடிக்கை என்னவென்றால், பருவம் முடிந்து ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கப்பல் மாறிப் போகும் நீண்ட பயணங்களில்தான் கூட்டம் குறைவாக இருக்கும், விலையும் மலிவாக இருக்கும். ஆனால் கப்பல் எப்படியும் அங்கே போய்ச் சேர வேண்டியிருப்பதால் ஆளில்லை என்று அதை நிறுத்த மாட்டார்கள்.

பயப்பட வேண்டியது காலி அறைகளைப் பார்த்தல்ல, நிறுவனத்தின் நிலையைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம். கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனுப் போட்டபின் அதன் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 2023-இல் 'லைஃப் அட் சீ' என்று மூன்று ஆண்டு உலகப் பயணம் அறிவித்தார்கள். வீட்டை விற்றும் வாடகைக்கு விட்டும் வரத் தயாரானவர்கள் உண்டு. நவம்பரில் புறப்பட வேண்டிய பயணம் கடைசி நேரத்தில் ரத்தானது. காரணம், நிறுவனத்திடம் கப்பலே இல்லை. வாங்க நினைத்த கப்பல் கைக்கு வரவில்லை.

சிறிய படகுச் சேவைகளின் கதையும் வேறு. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' ஓடத் தொடங்கியது. ஆள் சேராமல் அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றது. நம் முன்னோர் கப்பலேறிய அதே நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபர் 14-இல் காங்கேசன்துறைக்குப் படகு விட்டார்கள். தினமும் ஓடும் என்றார்கள். பதிவு குறைவாக இருந்ததால் வாரம் மூன்று நாளாக்கினார்கள். பின்னர் மழைக்காலம் என்று நிறுத்தி, 2024 ஆகஸ்டில்தான் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். பயணச்சீட்டுப் பணத்தை மட்டுமே நம்பி ஓடும் வண்டி அது. அங்கே ஆள் குறைந்தால் நேராக அடுப்பில் கை வைக்கும்.

பாட்டியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "கப்பல் போகும் பாட்டி, துணிமணி எடுத்து வையுங்கள்" என்றேன். ஆனால் குழுவில் இருந்த இளைஞர்களிடம் சில காரியங்களைக் கண்டிப்பாகச் சொன்னேன். கப்பலை ரத்து செய்தால் கப்பல் பணம் திரும்பும். நாம் தனியே எடுத்த பேருந்துச் சீட்டும் தங்கும் விடுதிப் பணமும் திரும்பாது. ஆகவே மாற்றிக்கொள்ளக்கூடிய சீட்டாகவே எடுக்க வேண்டும். சுற்றுலா அமைச்சின் உரிமம் உள்ள முகவரிடம் கட்ட வேண்டும், ரசீதில் கப்பல் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போக நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று நிபந்தனையில் எழுதியிருக்கும். அதையும் படிக்க வேண்டும். பூக்கெட்டில் பத்தோங் கரைக்குப் பெரிய கப்பல்கள் படகில்தான் ஆளை இறக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை அதிகமானால் இறக்காமலே போய்விடுவதுண்டு.

எங்கள் கப்பலில் ஏன் கூட்டமில்லை என்பது ஏறியபின் விளங்கிற்று. சீனப் புத்தாண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. நம் பள்ளிகளுக்கு விடுமுறை, சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கோ பாடம் நடந்துகொண்டிருந்தது. நீச்சல் குளத்தில் பிள்ளைகளே இல்லை. சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு பகுதியை விளக்கணைத்து வைத்திருந்தார்கள். பசியாற உட்கார்ந்தால் எங்கள் மேசைக்கு இரண்டு பணியாளர்கள்! ஒருவர் மணிலாக்காரர், இன்னொருவர் தூத்துக்குடிப் பையன். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் அவனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பாட்டிக்குத் தினமும் சுடச்சுடப் பால் கொண்டுவந்து கொடுத்தான்.

மரினா பேயை விட்டு வெளியே வந்தபோது தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவைக் காட்டினேன். சிங்கப்பூரில் இறங்கிய கூலிகளை நோய் இருக்கிறதா என்று அங்கேதான் அடைத்து வைத்தார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரெஜாக் தீவு. பாட்டியின் பெற்றோர் பினாங்கில் இறங்கியவர்கள். மறுநாள் பிற்பகல் பினாங்குக் கரை தெரிந்ததிலிருந்து அவர் தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. "எங்கம்மா இதே தண்ணியிலதான் வாந்தி எடுத்துக்கிட்டே வந்துச்சாம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை சிங்கப்பூரில் இறங்கினோம். எங்கள் பெட்டிகள் வெளியே வருவதற்கு முன்பே, அடுத்த பயணத்துக்கு ஏற வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை எங்கள் வரிசையைப்போல் மூன்று மடங்கு இருந்தது.