அடி ராடு வழக்கு

அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு தாள். கம்பெனி சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட். ‘ஓவனில் பழுதில்லை, வீட்டு வயரிங் கோளாறு’ என்றிருந்தது.

சிங்காநல்லூர் பக்கம், வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். புது ஓ.டி.ஜி. ஓவன் வாங்கி மூன்றாவது மாதம். போட்ட பத்தாவது நிமிடம் வீடே இருண்டுவிடும். “ஈ.எல்.சி.பி.யைக் கழட்டிட்டு நேரா கனெக்‌ஷன் கொடுத்துக்கங்கன்னு சொன்னார் சார். சின்னப் பையன் இருக்கிற வீடு, எனக்கு மனசு வரல” என்றார். ஜாப் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்த யோசனை மட்டும் அதில் இல்லை. வழக்கை எடுத்துக்கொண்டேன்.

நோட்டீஸ் அனுப்பும் முன், பழக்கமான வயர்மேன் அண்ணனைக் கூட்டிப் போனேன். ஓவனைத் தூக்கிப்போய் அடுத்த தெரு வீட்டில் செருகினார். அங்கேயும் டிரிப் ஆனது. பிறகு குமிழைத் திருப்பி மேல் ராடை மட்டும் ஓடவிட்டார். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அடி ராடுக்கு மாற்றினார். எட்டாவது நிமிடம் ‘டக்’. “வயரிங் நல்லாத்தான் இருக்கு சார். அடி ராடு லீக்” என்றார்.

ராடுக்குள் சூடேறும் கம்பிக்கும் வெளிக் குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். முனை அடைப்பு விரிசல் விட்டால் தூள் ஈரம் இழுக்கும். மின்சாரம் குழாய்க்குக் கசியும். போகிற மின்னோட்டத்துக்கும் திரும்புகிறதற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் ஈ.எல்.சி.பி. துண்டித்துவிடும்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். கம்பெனியின் பதிலுரையில் இரண்டு வாதங்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது ஒன்று. சுயதொழிலில் பிழைக்க வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோரே என்பதற்குச் சட்டத்தின் விளக்கமும், உச்ச நீதிமன்றத்தின் 1995 லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பும் எனக்குத் துணை நின்றன. மல்டிமீட்டரில் ராடின் ஓம்ஸ் சரியாக இருந்தது என்பது இரண்டாவது. அது கம்பி அறுபடவில்லை என்பதற்குத்தான் சாட்சி. சின்ன பேட்டரியில் ஓடும் மீட்டருக்குப் பிடிபடாத கசிவை, 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெக்கர் காட்டிக்கொடுக்கும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவைக் காட்டி, ஓவனுக்கு முத்திரையிட்டு ஆய்வுக்கூடம் அனுப்ப மனுப் போட்டேன். ஆய்வுக் கட்டணத்தைக் கட்சிக்காரரே கட்ட வேண்டியிருந்தது. நகைச்சீட்டுப் பணத்திலிருந்து கட்டினார். அறிக்கை வந்தது. மெக்ஓம் கணக்கில் இருக்க வேண்டிய காப்புத்தடை, சூடான அடி ராடில் ஐயாயிரம் ஓமைக்கூடத் தொடவில்லை.

ஓவன் விலை, ஆய்வுக் கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கொடுக்க ஆணையம் உத்தரவிட்டது.

உங்கள் வீட்டில் டிரிப் ஆனால், ஒவ்வொரு சாதனமாகப் பிடுங்கிப் பாருங்கள். ஜாப் ஷீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஈ.எல்.சி.பி.யைக் கழற்றச் சொல்பவரிடம், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.