முக்கால் அங்குல மரை

ஓரிகன் மாநிலத்தின் பீவர்ட்டனில் வேலை பார்க்கும் நண்பன், "பக்கத்து வீட்டுக்காரர் கராஜிலேயே பீர் காய்ச்சுகிறார், வந்து பார்" என்று கூட்டிப் போனான். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன்வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம்.

காய்ச்சுவதையும் புளிக்கவைப்பதையும் அவர் விளக்கியபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. சுவரோரம் நின்ற எஃகுப் பீப்பாய்கள், அதாவது கெக்குகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. ஒவ்வொன்றும் ஐந்து கேலன், சுமார் 19 லிட்டர். ஒரு காலத்தில் குளிர்பான சிரப் சுமந்தவை. சிரப் அட்டைப்பெட்டிப் பைகளில் வரத் தொடங்கியதும் கம்பெனிகள் இவற்றைக் கைவிட்டன. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் மலிவாக அள்ளிக்கொண்டார்கள்.

இவற்றைக் கழுவுவதுதான் தொல்லை. பீர் வெளியேறும் மெல்லிய குழாய் அடிவரை இறங்குகிறது. அதற்குள் கை போகாது. தோட்டக் குழாயை நேராக அதில் மாட்டிவிட்டால் தண்ணீரே உள்ளே ஓடிக் கழுவிவிடும். ஆனால் எப்படி மாட்டுவது?

மனிதர் பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பித்தளைத் துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்து, "எது தோட்டக் குழாய் மரை, சொல்லுங்கள்" என்றார். இரண்டும் முக்கால் அங்குலம்; கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மரை அளவியின் பற்களைப் பொருத்திக் காட்டினார். தோட்டக் குழாய்க்கு அங்குலத்துக்குப் பதினொன்றரை மரை, வீட்டுக் குழாய்க்கு 14. ஒன்றை மற்றதில் திருகினால் ஓரிரு சுற்று ஏறும், பிறகு கடித்துக்கொள்ளும். குழாய் முனையில் ஹோஸைச் செருகிக் கம்பியால் இறுக்கும் நம் ஊர் வழக்கத்தில் இந்தச் சிக்கலே கிடையாது.

அவர் செய்திருந்த இணைப்பில் மூன்று மூட்டுகள். தோட்டக் குழாய் மூட்டில் தண்ணீரைத் தடுப்பது மரையல்ல, உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர். நடு மூட்டின் மரை கூம்பிப் போவது. டெஃப்லான் டேப் அங்கே மட்டும். கெக்கைக் கவ்வும் கருப்பு இணைப்பானில் கூம்பு முகம் கூம்பு முகத்தோடு அழுந்துகிறது. எல்லாவற்றிலும் டேப் சுற்றுகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதை அச்சில் போட முடியாது.

குழாயைத் திறக்குமுன் கெக்கின் வாயு முனையிலும் ஓர் இணைப்பானைச் செருகினார். அது அழுத்தினால்தான் அங்குள்ள வால்வு திறக்கும், காற்று வெளியேறும். இல்லாவிட்டால் கெக்குக்குள் அழுத்தம் ஏறி, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும்.

இதே மாதிரிப் பித்தளைத் துண்டுகளைப் பையில் போட்டு 'கெக் கழுவும் செட்' என்று சீட்டு ஒட்டினால் விலை எகிறிவிடுகிறது. கடைந்தவனுக்கும் லாபமில்லை, காய்ச்சுகிறவனுக்கும் லாபமில்லை. சீட்டு ஒட்டியவன் மட்டும் கொழுக்கிறான். அதிலும் தோட்டப் பித்தளையில் ஈயம் இருக்கலாம். குடிநீர்ப் பொருத்திகளுக்கு 2014 முதல் அமெரிக்காவில் ஈயம் 0.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தோட்டச் சாமான்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பையின் மேல் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால் பிளம்பர் தன் இணைப்பில் எஃகுத் துண்டுகளையும் குடிநீருக்கான வெள்ளைக் குழாயையும்தான் வைத்திருக்கிறார்.

நண்பன் தனக்கும் ஒன்று செய்து தரக் கேட்டான். "சாமானை நீயே வாங்கி வா, காசு வேண்டாம்" என்றவர், "வாஷர் மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கு" என்றார்.