கடியத்தில் வாங்கிய மகிழமரம்

2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் சென்னை வீட்டு வேம்பைச் சாய்த்ததிலிருந்து வாசலே வெறிச்சென்று கிடந்தது. ராஜமுந்திரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பக்கத்திலிருக்கும் கடியத்துக்கும் போனோம். அடேயப்பா! கோதாவரி வாய்க்கால் ஓரமெல்லாம் நர்சரிதான்.

12 அடி மகிழமரம் ஒன்றைக் காட்டி, "இதுதான் வேணும்" என்றேன். நர்சரிக்காரப் பெரியவர் அரைகுறைத் தமிழில், "மரத்தைப் பார்க்காதீங்கம்மா, வேர்மண்ணைப் பாருங்க" என்றார். தோண்டும்போதே நிறைய வேர் அறுந்துபோகிறதே! மிச்ச வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டாமா? மனசில்லாமல்தான், கோணி சுற்றிய 6 அடி மரத்துக்குச் சம்மதித்தேன்.

லாரியில் வந்ததை, மண் உடையாமல் குழியில் இறக்கி, பழைய மண்மட்டம் வரை மட்டும் மூடி, மூங்கில் முட்டுக் கொடுத்தோம். முதல் மாதம் இலையெல்லாம் கொட்டியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாம் மாதம், கணுவில் ஒரு பச்சைத் துளிர்!